"கை நோர்மல்" என்று துண்டு தந்துவிட்டார்கள், அம்மாவால் கொழுந்து எடுக்க முடியவில்லை

கொழுந்துக்காரி மகள்
செப்டம்பர் 3, இரவு 8.40

வணக்கம். இங்கே பிசியோ படித்தவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களும் இருப்பதாகத் தெரிகிறது. அதனால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 51 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஜூன் மழையில் மலையில் சறுக்கி விழும்போது வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்துவிட்டது. ஆறு வாரம் பிளாஸ்டர், பிறகு ஐந்து தடவை பிசியோ. போன கிழமை கடைசி கிளினிக். எக்ஸ்ரே பார்த்தார்கள். கையை மேலும் கீழும் மடக்கச் சொல்லி ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். ஒரு இரும்புப் பிடியை அமுக்கச் சொன்னார்கள், 19 கிலோ வந்தது. 18க்கு மேலே இருந்தால் பயமில்லையாம். "வலி இல்லை, கை நோர்மல், வேலைக்குப் போகலாம்" என்று துண்டு எழுதித் தந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார். எங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும். பின்னேரம் தராசில் 9. அரைப்பேர்தான் விழுந்தது. செவ்வாய் 8. இன்றைக்கு எட்டரை, அதிலும் முத்தல் இலை நிறைய என்று கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறிக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறார். முப்பது வருசமாக மலைக்குப் போகிறவருக்கு முத்தல் எது, கொழுந்து எது என்று தெரியாதா? வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்தவர் தேத்தண்ணி ஆறும்வரை தொடவே இல்லை.

ஆஸ்பத்திரி பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே எல்லோரும் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் "நோர்மல்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மறுபடி அளந்து பாருங்கள் என்று கேட்கலாமா?

பழைய டிஸ்பென்சர்
செப்டம்பர் 3, இரவு 9.25

மகள், கை ஊன்றி விழுந்து உடையும் இந்த முறிவுக்கு கொலிஸ் முறிவு என்று பெயர். டப்ளினில் இருந்த ஏபிரகாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1814இல் எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895இல். ஆக, எலும்பைப் பார்க்காமலே, தொட்டுப் பார்த்து எழுதிய மனிதர். கெட்டிக்காரர்தான். ஆனால் அதே கட்டுரையில், கோணலாகக் கூடினாலும் பரவாயில்லை, நெடுநாள் கழித்துக் கை பழையபடி முழுசாக அசையும், வலியும் இருக்காது என்று ஆறுதலும் சொல்லி வைத்தார். இருநூறு வருசமாக அந்த ஆறுதலை நாங்களும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறோம். நானே தோட்ட டிஸ்பென்சரியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த "நெடுநாள்" எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை.

இன்னொன்று. விழுந்தது வேலை நேரத்தில், மலையில். விபத்துப் பதிவு எழுதினார்களா? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. எலும்பு கூடியதா என்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிடாது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கேட்கும். தோட்டத் தலைவரிடம் சொல்லி, சங்க ஒபீசில் விசாரியுங்கள். துண்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஏத்தம் இறக்கம்
செப்டம்பர் 3, இரவு 10.02

உங்கள் அம்மா கதை கைக்கு. எங்கள் அப்பா கதை காலுக்கு.

போன வருசம் அப்பாவுக்குப் பக்கவாதம். வார்டை விட்டு வரும்போது ஒரு தாளில் 100க்கு 90 என்று போட்டிருந்தார்கள். நாங்கள் சந்தோசப்பட்டோம், ஸ்கூலில் 90 எடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளைதானே. வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அது பார்தெல் அளவை என்று சொன்னார்கள், பத்துக் கேள்வி. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, சமதரையில் ஐம்பது யார் நடப்பது, இப்படி. அப்பாவுக்கு மார்க் போனது ஒரே ஒரு இடத்தில், படி ஏறுவதில். பத்து மார்க்.

எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) கக்கூஸ் கீழே இருக்கிறது. இருபத்தெட்டுப் படி, மழை பெய்தால் பாசி. அந்தப் பத்து மார்க்குக்குள்ளேதான் கக்கூஸ் இருக்கிறது, தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறது, பஸ் போகும் ரோட்டும் இருக்கிறது. 90 மார்க் எடுத்த மனிதர் நாலு மாதம் இஸ்தோப்பைத் தாண்டவில்லை.

பேராதனைப் பிள்ளை
செப்டம்பர் 4, காலை 6.50

நான் பிசியோதெரபி மாணவி, கடைசி வருடம். டொக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏத்தம் இறக்கம் அண்ணே, பார்தெல் அளவையை 1965இல் மேரிலாந்தில் வெளியிட்ட மஹோனியும் பார்தெலும் அதிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். 100 எடுத்தவர்கூட தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, சமைக்கவோ வீட்டைப் பார்க்கவோ முடியாமல் இருக்கலாம் என்று. ஆள் உதவி எவ்வளவு தேவை என்று வார்டில் பார்ப்பதற்கு அது நல்ல அளவை. வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

அக்கா, அந்த 18 கிலோ எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வயதாகும்போது தசை கரைவதைக் கண்டுபிடிக்க ஆசிய நிபுணர் குழு ஒன்று 2019இல் எல்லை போட்டது. பிடி பலம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பலம் குறைவு. முறிவுக்குப் பிறகு ஒருவர் தன் தொழிலுக்குத் திரும்பலாமா என்று தீர்மானிக்கப் போட்ட எல்லை இல்லை அது. உங்கள் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கும் 18 கிலோ, இதுவும் 18 கிலோ. எண் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

இடது கை எவ்வளவு வந்தது என்று அம்மாவுக்கு ஞாபகமா? வலது கைக்காரருக்கு வலது கை பத்து சதவீத அளவுக்குக் கூடுதல் பலமாக இருப்பது வழக்கம். இடது 24, வலது 19 என்றால் கதையே வேறு.

கேள்வித்தாள் ஏதாவது நிரப்பினார்களா?

கொழுந்துக்காரி மகள்
செப்டம்பர் 4, இரவு 7.55

இடது கை 23 என்று சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். ஆனால் துண்டில் அது இல்லை.

கேள்வித்தாள் ஒன்று இருந்தது. முப்பது கேள்வி. வெளிவராந்தாவில் ஒரு பிள்ளை வாசித்துக் கேட்டதாம். இறுகிய போத்தல் மூடியைத் திறப்பீர்களா, தலைக்கு மேலே பல்ப் மாற்றுவீர்களா, கோல்ப் டென்னிஸ் மாதிரி விளையாடும்போது எப்படி என்றெல்லாம். அம்மா சிரித்துவிட்டாராம். நிறையக் கேள்விக்கு "அது நான் செய்றதில்லை" என்று சொல்ல, அந்தப் பிள்ளை கோடு போட்டுக்கொண்டே போனதாம்.

பேராதனைப் பிள்ளை
செப்டம்பர் 4, இரவு 8.30

அது டாஷ். தோள், முழங்கை, கை மூன்றுக்கும் சேர்த்து 1996இல் வட அமெரிக்காவில் செய்த கேள்வித்தாள், நல்ல பெயர் உள்ளது. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. முப்பதில் 27 கேள்விக்காவது பதில் இருக்க வேண்டும். மூன்றுக்கு மேல் விடுபட்டால் மார்க் கணக்குப் போடவே கூடாது. அம்மாவுடைய தாளில் மார்க் போட்டிருந்தால் அது பிழை. போடாமல் விட்டிருந்தால், அந்தத் தாள் இருந்தும் இல்லாததுதான்.

கோல்ப் கேள்வியைப் பற்றி: நுவரெலியாவில் கோல்ப் மைதானம் இருக்கத்தான் செய்கிறது, 1889இலிருந்து! நம் ஆட்கள் அங்கே என்ன வேலைக்குப் போவார்கள் என்று கேள்வித்தாள் எழுதியவர்களுக்குத் தெரியாது.

டாஷ் தாளோடு விரும்பினால் சேர்க்கக்கூடிய நாலு கேள்விகள் இருக்கின்றன, தொழிலைப் பற்றி மட்டும். "வழக்கமான முறையில் உங்கள் வேலையைச் செய்ய முடிகிறதா", "வழக்கமான நேரத்துக்குச் செய்ய முடிகிறதா" என்ற மாதிரி. நேரம் போதாது என்று அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு தலைவலி. என் ஆய்வுக்காக முதுகுவலிக் கேள்விகளைத் தமிழில் வைத்துக்கொண்டு ஒரு டிவிஷனில் உட்கார்ந்தேன். முறைப்படி இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒன்றாக்கி, தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கி, ஒரு குழு பார்த்து, பிறகு முப்பது நாற்பது பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தாண்டி வந்த வாக்கியம் இந்தக் கடைசிப் படியில்தான் விழுந்தது. "குனியும்போது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன். ஒரு பாட்டி சொன்னார்: "கஷ்டந்தான் பிள்ள, ரெண்டு மாசமா மகனும் காசு அனுப்பல." நான் "மிகக் கஷ்டம்" என்ற கட்டத்தில் புள்ளடி போடப் போனேன், நல்லவேளை பேனா எழுதவில்லை.

பிசியோ தலவாக்கலை
செப்டம்பர் 4, இரவு 10.15

பதினாறு வருசம் இந்த வேலையில் இருக்கிறேன். ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் இடம் சொல்லவில்லை, தலவாக்கலை சொந்த ஊர் மட்டும்.

தங்கச்சி, துண்டில் "வலி இல்லை" என்று இருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அந்த வரியில்தான் சந்தேகம். அம்மாவிடம் எந்த மொழியில் கேட்டார்கள்? இப்போது அவரிடம் "வலிக்கிறதா" என்று கேட்காதீர்கள். "கை எப்படி இருக்கு" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் என்ன சொல்லால் சொல்கிறாரோ அதை அப்படியே எழுதுங்கள். கடுப்பு, உளைச்சல், குத்து, எரிவு, விறைப்பு, மதமதப்பு எல்லாம் நமக்கு வேறு வேறு. வலி என்பது அதில் ஒன்றுதான்.

இதையும் கேளுங்கள். ராத்திரி கை தொந்தரவு செய்து எழுப்புகிறதா? எழுந்தால் என்ன செய்கிறார்? எந்தெந்த விரல்? சின்ன விரலிலும் இருக்கிறதா? பெருவிரலின் அடிச்சதை இரண்டு கையிலும் ஒரே மாதிரி உப்பலாக இருக்கிறதா? மேசையில் கையைக் கவிழ்த்து வைத்துப் பெருவிரலை மட்டும் மேலே தூக்க முடிகிறதா?

கை வீங்கி, பளபளவென்று நிறம் மாறி, துணி பட்டாலே எரிகிறது என்றால் இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒபீஸ் கிளார்க்
செப்டம்பர் 5, காலை 9.10

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், தோட்டத்து ஒபீசில் உட்கார்ந்திருக்கிறவனையும் கொஞ்சம் பாருங்கள்.

எனக்கு வருவது ஒரு துண்டு. அதில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். "வேலைக்குத் தகுதி", இல்லாவிட்டால் "லைட் வேர்க்". என்ன லைட்? கொழுந்து மலையில் லைட் மலை, கனமான மலை என்று இருக்கிறதா? புல்லு வெட்டுவது லைட்டா? வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவுக்கு உதவி என்றால் ஒரு ஆளுக்குத்தான் இடம், ஆறு துண்டு வருகிறது. எத்தனை கிலோ தூக்கலாம், ஏற்றத்திலா சமதரையிலா, எத்தனை மணி நேரம், எத்தனை கிழமைக்கு என்று நாலு வரி எழுதினால் நான் துரையிடம் காட்டிப் பேசுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஆளையே கேட்டு மார்க் போடச் சொன்னால் நட்டஈடு வரும்வரை எல்லோரும் பூச்சியம்தான் போடுவார்கள். அதனால்தான் மெசின் வைத்து அளக்கிறார்கள்.

பிசியோ தலவாக்கலை
செப்டம்பர் 5, மதியம் 1.20

கிளார்க் அண்ணே, முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. "லைட் வேர்க்" என்று எழுதுவது எங்கள் சோம்பேறித்தனம். நானும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் பாதிக்கு அரைப்பேர்தான் தருவேன். மெசினும் ஆளைக் கேட்டுத்தான் அளக்கிறது. பிடி பலம் பார்க்கும்போது முழு மூச்சாக அமுக்குவதா வேண்டாமா என்பது அமுக்குகிறவர் கையில். அதனால் மூன்று தடவை அமுக்கச் சொல்லிச் சராசரி எடுக்கிறோம், உட்கார்ந்து, முழங்கை தொண்ணூறு பாகை மடங்கி, பிடி இரண்டாவது இடத்தில். நின்றுகொண்டு ஒருநாள், உட்கார்ந்து ஒருநாள் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஏமாற்றுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அனுபவத்தில் நம் பெண்கள் கூட்டிச் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்வதுதான் அதிகம். பேர் விழாது என்ற பயம்.

கொழுந்துக்காரி மகள்
செப்டம்பர் 5, இரவு 9.30

அம்மா பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன்.

"வலியெல்லாம் இல்ல. கை மதமதன்னு இருக்கு. பெருவிரலு, அடுத்த ரெண்டு விரலு. சுண்டு விரலு நல்லாருக்கு. விடியக்காலம் மூணு மணி போல முழிப்பு வரும், எந்திரிச்சு கைய உதறுவேன், கொஞ்சம் தேவலாம். கொழுந்து கிள்ளும்போது எது குருத்து எது முத்தல்னு கண்ணாலதான் பாக்க வேண்டியிருக்கு. முன்னெல்லாம் விரலே சொல்லும்."

எனக்கு இதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. என்னிடமே இன்றைக்குத்தான் சொல்கிறார்.

கிளினிக்கில் சிங்களத்தில் "ரிதெனவாத?" என்று கேட்டார்களாம். அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியும், நோகுதா என்று அர்த்தம். நோகவில்லை. அதனால் "நே" என்று சொல்லியிருக்கிறார். பொய் இல்லை.

பெருவிரல் மேலே தூக்க முடிகிறது. அடிச்சதை வலது பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, பயத்தில் அப்படித் தெரிகிறதோ தெரியாது. வீக்கம், எரிவு இல்லை.

பிசியோ தலவாக்கலை
செப்டம்பர் 5, இரவு 10.05

பார்க்காமல் நோய்ப் பெயர் சொல்லக் கூடாது, ஆனால் இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்கவும் முடியாது.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புக்கும் ஒரு பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல் மடக்கும் தசைநாண் கயிறுகள் ஒன்பதும், மீடியன் நரம்பும் அதற்குள்ளே போகின்றன. கொலிஸ் முறிவுக்குப் பிறகு வீக்கத்தாலோ எலும்பு கூடிய கோணத்தாலோ அந்த வழி நெருக்கி, நரம்பு நசுங்குவது அபூர்வமில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரக்கும், சின்ன விரல் தப்பும், ராத்திரி கூடும், உதறினால் குறையும். கார்ப்பல் டனல் என்பது இதைத்தான். அம்மா பாடப்புத்தகம் மாதிரி சொல்லியிருக்கிறார்.

பிடி பலம் ஏன் 19 வந்தது? அமுக்குகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் கிளைகள் மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. ஆக, வழி நெருங்கினாலும் அமுக்கு ஓரளவு வரும். போவது தொட்டறியும் உணர்வும், பெருவிரலால் கிள்ளும் பலமும். கொழுந்து எடுப்பது முழுக்க அந்த இரண்டும்தான். மூன்று விநாடி அமுக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கிள்ளுவது தெரியுமா?

திரும்பப் போகும்போது "வலி" என்ற சொல்லே வேண்டாம். சிங்களத்தில் "ஹிரி வெட்டெனவா" என்று சொல்லுங்கள், மரத்துப்போகிறது என்று விளங்கும். மூன்று விரலையும் காட்டுங்கள். ராத்திரி என்று சொல்லுங்கள். அவர்கள் மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்துப் பார்ப்பார்கள், இரண்டு முனையால் விரல் நுனியைத் தொட்டு ஒன்றா இரண்டா என்று கேட்பார்கள். நல்ல விரல் நுனிக்கு ஆறு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில்கூட இரண்டு என்று தெரியும். தேவைப்பட்டால் நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் சோதனைக்கு எழுதுவார்கள். நாள் கடத்த வேண்டாம். அடிச்சதை வற்றிவிட்டால் பிறகு நசுக்கை எடுத்தாலும் முழுசாகத் திரும்பாது.

கோத்தகிரி மணி
செப்டம்பர் 6, காலை 7.15

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் தாத்தா மஸ்கெலியாவிலிருந்து இங்கே வந்தவர். இங்கே பல தோட்டத்தில் கத்தரியால் வெட்டுகிறார்கள், விரலால் கிள்ளுவது குறைந்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது விரல் பிரச்சினை இல்லை, தோள்பட்டை பிரச்சினை. கத்தரியின் கனமும் அதோடு கட்டியிருக்கும் பெட்டியின் கனமும். கருவி மாறினால் நோவும் இடம் மாறிக்கொள்கிறது. பழையவர்கள் "மதமதப்பு" என்று சொல்வதை இங்கே இளசுகள் "நம்னஸ்" என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா சீக்கிரம் தேற வேண்டும்.

பிசியோ தலவாக்கலை
செப்டம்பர் 6, இரவு 9.00

நேற்று விட்ட ஒரு விசயம். எங்கள் கிளினிக்குக்குப் பின்னால் நாலு தேயிலைச் செடி இருக்கிறது, யாரோ எப்போதோ நட்டது. கை நோயாளி கொழுந்து எடுக்கிறவராக இருந்தால் அங்கே கூட்டிப் போவேன். வலது கையால் ஐந்து நிமிடம், இடது கையால் ஐந்து நிமிடம். கடைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பேன். ஒரு பழைய கூடையும் உண்டு, பத்துக் கிலோ மண் மூட்டை போட்டுத் தலைக்கயிறோடு பின்பக்கச் சரிவில் ஏறி இறங்கச் சொல்வேன். இந்த ஆளால் வேலைக்குப் போக முடியுமா என்று எனக்கு அதில்தான் விளங்கும்.

பேராதனைப் பிள்ளை
செப்டம்பர் 6, இரவு 9.40

சேர், கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கள் மேற்பார்வையாளர் இதைப் படித்தால் உங்களை விடமாட்டார்.

மழைக்குப் பிறகு கொழுந்து துளிர்த்து நிற்கும், வரட்சியில் ஒன்றும் இருக்காது. ஓகஸ்டில் 200 கிராம் எடுத்தவர் ஒக்டோபரில் 300 எடுத்தால் கை தேறியதா, செடி தேறியதா? இரண்டாம் தடவை வரும்போது அந்தச் செடி அவருக்குப் பழகியிருக்கும். நீங்கள் பார்க்கும்போது ஒரு மாதிரி, இன்னொருவர் பார்க்கும்போது ஒரு மாதிரி எடுப்பார். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதான்: ஒன்றுமே மாறாத ஆளை இரண்டு தடவை அளந்து, எவ்வளவு ஆடுகிறது என்று பார். அந்த ஆட்டத்தைத் தாண்டி வந்தால்தான் மாற்றம். ஆறு நிமிட நடைச் சோதனைக்குக்கூட 30 மீற்றர் சமமான நடைபாதை, நிமிடத்துக்கு நிமிடம் என்ன சொல்லி ஊக்கப்படுத்துவது என்று எழுதி வைத்த வாக்கியம் வரைக்கும் விதி இருக்கிறது. அவ்வளவு விதி இருப்பதால்தான் 30 மீற்றர் கூடினால் அது உண்மையான முன்னேற்றம் என்று சொல்ல முடிகிறது.

பிசியோ தலவாக்கலை
செப்டம்பர் 6, இரவு 10.10

எல்லாம் சரி பிள்ளை. அதனால்தான் அதே நாளில் மற்றக் கையோடு ஒப்பிடுகிறேன், செடி இரண்டு கைக்கும் ஒன்றுதானே. இது ஆராய்ச்சியில் போடத் தகுதியில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 30 மீற்றர் சமதரை எங்கே இருக்கிறது இந்த ஊரில்? எங்கள் வராந்தா 14 மீற்றர், அதிலும் பாதிக்கு நோயாளிகள் வாங்கு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பித் திரும்பி நடந்தே தூரம் குறைந்துவிடும்.

உன் கட்சிக்கும் என் கட்சிக்கும் நடுவே ஒரு தாள் இருக்கிறது, படித்திருப்பாய். கனடாவில் ஸ்டிராட்போர்ட் குழு 1995இல் போட்டது. கேள்வியே எழுதித் தராத கேள்வித்தாள். "இந்த நோவால் உங்களுக்குச் செய்ய முடியாமல் போன மூன்று முதல் ஐந்து வேலை சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. 0 என்றால் முடியவே முடியாது, 10 என்றால் முன்பு போலவே. ஆட்டத்தையும் அளந்திருக்கிறார்கள்: சராசரியில் 2, தனி வேலையில் 3 மாறினால்தான் நம்பலாம். கோல்ப் விளையாடுகிறவர் கோல்ப் சொல்லட்டும், நம் ஆள் கொழுந்து சொல்லட்டும்.

தங்கச்சி, அம்மாவிடம் இதைக் கேட்டு, திகதி போட்டு எழுதி, கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கிளார்க் அண்ணே கேட்ட நாலு வரிக்கும் இது உதவும்.

கொழுந்துக்காரி மகள்
செப்டம்பர் 8, மாலை 5.20

கேட்டேன். 0 முதல் 10 என்றதும் "என்ன, பரீட்சையா?" என்றார். இரண்டு தடவை விளக்கியும் சரிவரவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "18 கிலோ எடுத்தா பத்து. அப்ப இப்ப நாலரை." மற்றதற்கும் அதே மாதிரி தராசு வைத்துச் சொன்னார்.

கொழுந்து கிள்ளுவது 4. நிறைந்த கூடையைத் தூக்கித் தலைக்கயிறு மாட்டுவது 6. ரொட்டி மாவு பிசைவது 5. சட்டைப் பொத்தான் போடுவது 3. ஐந்தாவதாக என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு கையும் சேத்துக் கும்புட முடியல" என்றார். கும்பிடும்போது வலது கை முழுசாக மடங்கவில்லை, உள்ளங்கை ஒட்டாமல் இடைவெளி விழுகிறதாம். கோயிலில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முந்தானையால் மூடிக்கொள்கிறாராம். அதற்கு 5.

பேராதனைத் தங்கச்சி, நாலரை போட இடமில்லை என்று 4 ஆக்கினேன், சரிதானே?

பேராதனைப் பிள்ளை
செப்டம்பர் 8, இரவு 7.45

சரிதான் அக்கா, முழு எண் போதும். அடுத்த தடவையும் அதே ஐந்தையே கேளுங்கள், முதல் மார்க்கைக் காட்டலாம்.

கும்பிடுவது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது! உள்ளங்கைகளைச் சேர்த்து முழங்கைகளை மேலே உயர்த்தச் சொல்லி, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்ப்போம். மணிக்கட்டு பின்பக்கம் எவ்வளவு மடங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பாகைமானி கூடத் தேவையில்லை. மூன்று வருசமாகச் செய்து காட்டுகிறேன். அதை யாராவது ஐந்தாவது வேலையாகச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

கொழுந்துக்காரி மகள்
ஒக்டோபர் 19, இரவு 8.10

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அதே கிளினிக்குக்குத்தான் போனோம். தாளைக் கொடுத்தேன், "ஹிரி வெட்டெனவா" என்று அம்மாவே சொன்னார். டொக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மணிக்கட்டை மடக்கி வைத்து நேரம் பார்த்தார். அரை நிமிடத்திலேயே விரல் மரத்துவிட்டது. நரம்புச் சோதனைக்குத் திகதி தந்தார்கள், அதுவும் முடிந்தது. நெருக்கம் இருக்கிறதாம், நடுத்தர அளவு. ராத்திரிக்குப் போட ஒரு மணிக்கட்டுப் பட்டை தந்திருக்கிறார்கள். நவம்பரில் திரும்பப் பார்த்து ஒப்பரேசனா இல்லையா என்று முடிவாம்.

புதுத் துண்டில் "ஆறு கிழமைக்கு வலது கையால் கிள்ளும் வேலை வேண்டாம், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், சமதரையில் நாள் முழுக்க நிற்கலாம்" என்று எழுதியிருக்கிறது. நர்சரியில் பைக்கு மண் நிரப்பும் இடத்தில் விட்டிருக்கிறார்கள், முழுப்பேர். விபத்துப் பதிவு தேடிப் பார்த்ததில் இருக்கிறது, சங்கத்தில் கொடுத்திருக்கிறோம்.

மார்க்: கொழுந்து கேட்கவில்லை, இப்போது செய்வதில்லை. கூடை, மாவு மாறவில்லை. பொத்தான் 3இலிருந்து 6. கும்பிடுவது 5இலிருந்து 6, அது ஆட்டம்தான் என்று எனக்கே தெரியும், அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். மண் வேலையில் பட்டை ஈரமாகிவிடுகிறது, குளிரில் காயவும் மாட்டேன் என்கிறது. அடுப்புப் பக்கம் வைக்கலாமா?

பிசியோ தலவாக்கலை
ஒக்டோபர் 19, இரவு 8.35

அது ராத்திரிக்குத்தானே தங்கச்சி, வேலைக்கு எதற்குப் போட்டுப் போகிறார்? கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு பிளாஸ்டிக் என்றால் வளைந்துவிடும். தகட்டை உருவி எடுத்துவிட்டுத் துணியை மட்டும் துவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் தூரமாகப் போடுங்கள்.